கூரையைக் காட்டிக் கருவறையை ஆள்வதா?

ஒரு மக்களினம் வாழ்க்கையை எவ்வாறு கண்டது என்பதை அறிய விரும்புவோர், முதற்கண் அவ்வினத்தின் அடிப்படைச் சொற்களை உரைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழில் 'இல்' என்பது வீடு. அதனை ஆள்பவள் இல்லாள். அங்கு நடைபெறுவது இல்லறம். 'குடி' என்பதோ இன்னும் விரிந்த சொல். மாந்தன் தங்கும் இடமும் குடி. அவன் பிறந்த குடும்பமும் குடி. அத்தகைய குடும்பங்கள் கூடிய நாட்டு மக்களும் குடி. குடில், குடிசை, குடும்பம், குடிமை, குடியரசு என அச்சொல்லின் கிளைகள் பல. வீடு வேறு, மக்கள் வேறு என்று தமிழன் பிரித்துப் பார்த்ததில்லை. திருவள்ளுவரும் இல்வாழ்க்கையை ஐந்தாம் அதிகாரமாகவும், வாழ்க்கைத் துணைநலத்தை ஆறாவதாகவும், மக்கட்பேற்றை ஏழாவதாகவும் நிறுத்தினார். இல் முன்னது, மகவு பின்னது. அடியெடுத்து வைக்க ஓரிடமும் தலைசாய்க்க ஒரு கூரையும் கிடைத்த பின்னரே மக்களைப் பற்றிய எண்ணம் அமைதியாக எழும் என்னும் வாழ்வியல் உண்மை அவ்வரிசையிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

இற்றை நாள் அரசுகள் பலவும் இவ்வரிசையைத் தலைகீழாகப் புரட்டுகின்றன. "நீ எத்தனை பிள்ளை பெற்றாய்? இனி எத்தனை பெறப் போகின்றாய்?" என்று முதலிற் கேட்டு, அதன் பின்னரே "உனக்கு வீடு உண்டு, இல்லை" என்று விடை சொல்கின்றன. மக்கள்தொகை மிகுகின்றது என்று அஞ்சும்போது வீட்டைக் காட்டி மிரட்டுவதும், குறைகின்றது என்று அஞ்சும்போது அதே வீட்டைக் காட்டி ஆவலூட்டுவதும் ஆட்சிக் கலையாகிவிட்டன. பொதுமக்களின் வரிப்பணத்தால் எழும் வீடும், நலிந்தோர்க்கு வழங்கும் உதவியும் குடிமக்களின் உரிமையா, அவர்தம் கருவறையைக் கட்டி இழுக்கும் கயிறா? இவ்வினாவுக்கு விடை காணச் சிங்கப்பூரைப் போல் உதவும் நாடு வேறொன்றில்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வீற்றிருக்கும் நாடு அது. நம் உடன்பிறந்தார் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி வாழும் நாடு அது. அந்நாட்டின் பட்டறிவு நமக்கு அயலாரின் கதையன்று.

முதற்கண் புகழவேண்டியதைப் புகழ்ந்துவிடுவோம். 1960-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் முதல் நாள் அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 25-இல் புக்கிட் கோ சுவீ என்னும் குடிசைப் பகுதி தீக்கிரையாகி, ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அவர்களுக்கு விரைந்து அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது அக்கழகம். முதல் ஐந்தாண்டுகளில் 50,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1964-இல் குடிக்கூலிக்கு இருந்தோரே வீட்டை விலைக்கு வாங்கும் திட்டம் வந்தது. 1968 முதல், மத்திய சேமநிதி என்று அங்குள்ளோர் வழங்கும் தொழிலாளர் சேமிப்புக் கணக்கிலிருந்தே வீட்டு விலையைச் செலுத்த வழி செய்யப்பட்டது. இன்று அந்நாட்டு மக்களுள் நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் அக்கழக வீடுகளிலேயே வாழ்கின்றனர். ஏழைக்கு வீடு என்பதை வெறும் மேடைப் பேச்சாக விடாமல் செங்கல்லாகவும் கற்காரையாகவும் ஆக்கிக் காட்டிய அரசு அது. இதனை மறுப்பவன் கண்ணிருந்தும் காணாதவன்.

ஆயினும், வீடு முழுவதும் அரசின் கையில் இருந்தமையாலேயே வீட்டுத் திறவுகோல் மற்றொரு பூட்டுக்கும் பயன்படலாயிற்று. 1965-இல் அங்கு ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் பிள்ளைகள் சராசரி 4.66 என்று கணக்கிடப்பட்டது. சிறிய தீவு, நிலவளம் இல்லை, வேலையின்மை மிகுதி. பிள்ளைகளைக் குறைக்கவேண்டும் என்று அரசு கருதியதில் வியப்பில்லை. 1966-இல் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. 1970-இல் கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் சட்டத்தின் ஒப்புதல் பெற்றன. வழிவகைகளைக் காட்டி, அறிவுறுத்தி, முடிவைக் குடும்பங்களிடமே விட்டிருந்தால் குறை கூற இடமில்லை. ஆனால் 1972-இல் "இரண்டோடு நிறுத்துக" என்னும் முழக்கம் எழுந்தது. அடுத்த ஆண்டு முழக்கத்துடன் ஒறுப்பும் சேர்ந்தது.

அவ்வொறுப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு மருத்துவமனை மகப்பேற்றுக் கட்டணம் படிப்படியாக உயர்ந்தது. மூன்றாம் பிள்ளைக்குத் தாய்க்குரிய சம்பள விடுப்பு இல்லை. அரசு வீடு வழங்குவதில் பெரிய குடும்பங்களுக்கு இருந்துவந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. பெற்றோருள் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டால் கட்டணம் தள்ளுபடி. பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னிடம். பிள்ளைகள் மிகுந்த வீட்டுக்குத்தானே இடம் மிகுதியாக வேண்டும்? வாய்கள் மிகுந்த வீட்டுக்குத்தானே உதவி மிகுதியாக வேண்டும்? ஆனால் அங்கே தேவை வளர வளர உதவி தேய்ந்தது. தண்டம் யார்மீது விழுந்தது? தாய் தந்தையர் மீதென்று அரசு சொல்லிற்று. உண்மையில் அது விழுந்தது, தான் மூன்றாவதாகப் பிறந்த ஒன்றையன்றி வேறு குற்றம் செய்தறியாத குழவியின் மீது!

பிறப்பு குறைந்தது. 1975-ஆம் ஆண்டளவில், பெற்றோர் இருவருக்கு ஈடாக மக்கள் இருவர் என்னும் அளவுக்கு அது தாழ்ந்துவிட்டது. அத்துடன் கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கலாம், அவிழ்க்கவில்லை. மாறாக, 1983-இல் அன்றைய தலைமையமைச்சர் இலீ குவான் யூ, படித்த பெண்கள் போதிய பிள்ளைகள் பெறவில்லை, படியாத பெண்களே மிகுதியாகப் பெறுகின்றனர் என்று நாட்டு நாள் உரையிற் கவன்றார். 1984-இல் இரண்டு திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. பட்டம் பெற்ற தாய் மூன்று பிள்ளை பெற்றால், அப்பிள்ளைகளுக்கு விரும்பிய பள்ளியில் முன்னிடம். உயர்நிலைக் கல்வி நிறைவுறாத, வருவாய் குறைந்த, முப்பது அகவைக்குட்பட்ட தாய் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால், அவளுடைய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளி. அப்பணத்தைக் கொண்டு அரசு வீடு வாங்கிக்கொள்ளலாம்.

பார்த்தீர்களா! கற்றவளின் கருவறைக்கு ஒரு விலை. கல்லாதவளின் கருவறைக்கு வேறொரு விலை. முன்னது திறப்பதற்கு, பின்னது அடைப்பதற்கு. வீடற்ற ஏழைப் பெண்ணிடம், "உனக்கு வீடு வேண்டுமா? உன் உடலில் ஒரு பகுதியை அறுத்து முடிச்சிட்டுக்கொண்டு வா" என்று சொல்வதைத் தன்விருப்பம் என்று எந்த அகரமுதலி சொல்லும்? பசித்தவனிடம் சோற்றைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது உடன்படிக்கையாகாது. சீனரோ மலாயரோ தமிழரோ, உடலுழைப்பால் வயிறு வளர்க்கும் எளிய குடும்பம் எதுவாயினும் அவ்வலைக்குள் அடங்கியதே. பட்டத் தாய்மார் திட்டத்துக்கு மக்களிடையே, பட்டம் பெற்ற பெண்களிடையேயும்கூட, கடும் எதிர்ப்பு எழுந்தது; 1985-இல் அது கைவிடப்பட்டது. மக்கள் அடங்கிக் கிடந்தாலும் மான உணர்ச்சி அடங்குவதில்லை என்பதற்கு அது சான்று.

ஆடிக் கறக்கும் மாட்டை ஆடிக் கறப்பதும், பாடிக் கறக்கும் மாட்டைப் பாடிக் கறப்பதும் நம் நாட்டுப்புறத்தார் அறிந்த முறை. சிங்கப்பூர் அரசும் 1987-இல் ஆட்டத்தை விட்டுப் பாட்டுக்கு மாறிற்று. அதற்கு முந்திய ஆண்டில் பிள்ளைப் பேற்று வீதம் 1.43 ஆகக் குறைந்திருந்தது. "இயலுமாயின் மூன்றோ அதற்கு மேலோ பெறுக" என்று புதிய முழக்கம் ஒலித்தது. எந்த மூன்றாம் பிள்ளைக்காக முன்னர் ஒறுத்தனரோ, அதே மூன்றாம் பிள்ளையைப் பெற்றவர்க்கு வீட்டுப் பங்கீட்டில் முன்னுரிமை வந்தது. 2001-இல் மகவு ஊக்கத்தொகை தொடங்கிற்று. 2013-இல் முதன்முறை வீடு வாங்கும் மணமக்களுள் பிள்ளையுடையோர்க்குத் தனி ஒதுக்கீடு வந்தது. 2023-இல் முதலிரண்டு பிள்ளைகளுக்குத் தலைக்கு 11,000 வெள்ளி, மூன்றாவது முதல் 13,000 வெள்ளி என்று தொகை உயர்ந்தது. இதற்கிடையில், 1993-இல் தொடங்கிய வேறொரு திட்டமோ, வருவாய் குறைந்த குடும்பங்கள் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டால் வீட்டுக்கும் கல்விக்கும் உதவி என்று கட்டுறவு விதித்தது. செல்வனுக்கு "மூன்று பெறுக"; ஏழைக்கு "இரண்டோடு நிறுத்துக". ஒரே வாயில் இரண்டு நாக்கு!

விளைவு என்ன? 2023-இல் அந்நாட்டின் பிள்ளைப் பேற்று வீதம் 0.97. ஒன்றுக்கும் கீழே சென்றது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டும் அதே நிலை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாரி வழங்கிய ஊக்கங்கள் வீதத்தை உயர்த்தவில்லை.

இந்த வீழ்ச்சி அன்றைய ஒறுப்பினால்தான் என்று கூறிவிடுவதும் பிழையே. தென்கொரியாவின் வீதம் 2023-இல் 0.72. சிங்கப்பூரைப் போல் வீட்டைக் கொண்டு பிறப்பை ஆளாத நாடுகளிலும் பிறப்பு குறைந்தேயுள்ளது. பெண்கள் படித்தனர், வேலைக்குச் சென்றனர், பிறந்த பிள்ளைகள் பிழைத்தனர், ஒவ்வொரு பிள்ளையையும் வளர்த்துப் படிக்கவைக்கும் செலவு மலையாயிற்று. ஆக, பிறப்பு குறைவதற்குத் தடி தேவைப்படவில்லை. அதனைக் கூட்டுவதற்கு வெல்லக்கட்டி போதவில்லை. அரசின் கை நுழைந்ததனால் மிஞ்சியது ஒன்றே: ஏழையின் வீடு அவள் உடலோடு பிணைக்கப்பட்ட இழிவு.

அங்குள்ள இளைஞரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆண்மகன் தான் விரும்பும் பெண்ணிடம், "நாம் அரசு வீட்டுக்கு எழுதிப் போடலாமா?" என்று கேட்டால், மணந்துகொள்ளக் கேட்கின்றான் என்பதே பொருள். நகைத்துவிட்டுப் போகும் செய்தியன்று இது. மணமாகாதவர் முப்பத்தைந்து அகவைக்கு முன் தனியராய் அரசு வீடு வாங்க முடியாது. எழுதிப் போட்ட வீடு கட்டி முடிய ஆண்டுகள் சில கழியும். மணமும் மகப்பேறும் அவ்வீட்டுக்காகக் காத்துக் கிடக்கும். திருமணமின்றித் தாயான பெண்ணோ, மகவைக் கையில் ஏந்தி நின்றும், நெடுங்காலமாக அக்கழகத்தின் கணக்கில் 'குடும்பம்' ஆகவில்லை. குடி என்னும் ஒரே சொல்லால் வீட்டையும் குடும்பத்தையும் நம் முன்னோர் சுட்டினர்; அவர்களோ குடும்பத்தின் வடிவத்தை வீட்டு விண்ணப்பத்தாள் வகுக்குமாறு செய்துவிட்டனர்.

இங்கே ஒரு தடை எழும். "வீடும் உதவியும் கட்டுறவின்றிக் கொடுத்தால், ஏழைகள் அவற்றுக்காகவே பிள்ளைகளைப் பெற்றுக் குவிப்பரே!" என்பர். இத்தடையைச் சிங்கப்பூரை முன்னர் ஆண்ட பிரித்தானியர் தம் நாட்டிலேயே எழுப்பிப் பார்த்தனர். அங்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டம், வீடற்றோருள் கருவுற்ற பெண்டிர்க்கும் பிள்ளையுடையோர்க்கும் முன்னுரிமை தந்தது. அன்று முதல், "ஊராட்சி வீட்டுக்காகவே இளம் பெண்கள் கருவுறுகின்றனர்" என்னும் பழிச்சொல் பரவிற்று. 1992-இல் நலத்துறை அமைச்சராக இருந்த பீட்டர் இலில்லி, தம் கட்சி மாநாட்டு மேடையில் அப்பெண்களை எள்ளிப் பாட்டே பாடினார். 2017 ஏப்பிரல் 6 முதல், அதன்பின் பிறக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் வறியோர்க்குரிய உதவித்தொகை இல்லை என்று சட்டம் செய்தனர்.

அப்பழிச்சொல் உண்மையாயின், உதவி நின்றவுடன் ஏழை வீடுகளில் மூன்றாம் பிள்ளை பிறப்பது பெரிதும் குறைந்திருக்கவேண்டும். ஆய்ந்தவர்கள் கண்ட குறைவோ மிக மிகச் சிறிது. குறையாமற் பெருகியது வறுமை ஒன்றே. 2024-ஆம் ஆண்டளவில் 16 இலக்கம் பிள்ளைகள் அத்தடையால் தாக்குண்ட குடும்பங்களில் வாழ்ந்தனர். அக்குடும்பங்களுட் பாதிக்கு மேற்பட்டவை பெற்றோர் வேலை செய்து ஈட்டும் குடும்பங்கள்! இறுதியில், 2026 ஏப்பிரல் முதல் அத்தடை நீங்கும் என்று 2025 நவம்பரில் அவ்வரசே அறிவித்தது. ஓர் அரசு தன் பிழையை உணர எட்டாண்டுகளுக்கு மேலாயின. ஆனால் ஒரு குழந்தைக்கு அவ்வெட்டாண்டுகள் தாம் வாழ்நாளின் வேர்க்காலம். இழந்த பாலையும் இழந்த பாடத்தையும் எந்தச் சட்டத்திருத்தம் திருப்பித் தரும்?

ஆகவே நாம் ஒரு வேறுபாட்டை ஐயத்துக்கிடமின்றி வகுத்துக்கொள்ளல் வேண்டும். பிறந்த பிள்ளைக்கு இடம் கொடுப்பது வேறு. பிறக்கவேண்டிய பிள்ளைக்கு விலை பேசுவது வேறு. ஐவர் வாழும் குடும்பத்துக்கு மூவர் குடும்பத்தினும் பெரிய வீடு வழங்குவது பரிசன்று. தேவையறிந்து செய்யும் கடமை. கருவுற்ற பெண்ணுக்குக் கூரையில் முன்னிடம் தருவது அவளைக் கருவுறத் தூண்டுவதன்று. இரண்டு உயிர்களைக் காப்பது. இக்கடமையை விட்டு, "நீ இதனைச் செய்தால் வீடு, செய்யாவிடில் தெரு" என்று சொல்லத் தொடங்கும்போதே அரசு காவலன் என்னும் நிலையினின்று இறங்கித் தரகனாகி விடுகின்றது. எத்தனை மக்கள், எப்பொழுது, பெறுவதா வேண்டாவா என்பன கணவனும் மனைவியும், அவ்விருவருள்ளும் சுமக்கும் மனைவியே முதன்மையாகவும், எண்ணி முடிவு செய்யவேண்டியவை. அம்முடிவை அச்சமின்றி எடுக்கும் நிலையை உண்டாக்குவது ஒன்றே அரசின் வேலை.

இவற்றை இன்று ஏன் எழுதுகின்றோம்? தமிழகத்திலும் காற்று திசைமாறி வீசத் தொடங்கிவிட்டது. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவர்தோறும் எழுதப்பட்டதைப் படித்து வளர்ந்த மக்கள் நாம். 2019-21-ஆம் ஆண்டுக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் பிள்ளைப் பேற்று வீதம் 1.8, ஈடுசெய்ய வேண்டிய அளவோ 2.1. மக்கள்தொகையைக் கொண்டு நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட்டால், பிள்ளைகளைக் குறைத்த மாநிலமே குரலையும் இழக்கும். இது மெய்யான தீங்கு. உரத்து எதிர்க்கவேண்டிய தீங்கு. 1976-இல் 1971-ஆம் ஆண்டுக் கணக்கோடு இடங்களின் எண்ணிக்கையை நிறுத்தி வைத்ததும் இக்கரணியத்தாலேயே. ஆனால் அத்தீங்குக்கு மாற்று, "பதினாறு பெற்றால் என்ன?" என்று 2024 அக்தோபரில் முதலமைச்சர் மு. க. இசுடாலின் திருமண மேடையில் வினவியது போல், மணமக்களின் மடியில் ஏற்றப்படுவதா? நாட்டின் உரிமைப் போரை நாட்டு மன்றத்தில் நடத்துக. தாயின் கருவறையில் நடத்தற்க!

மேடை ஒன்று சொல்ல, அலுவலகம் வேறொன்று சொல்வதையும் காண்மின். தமிழக அரசுப் பள்ளி ஆசிரியப் பெண்மணி ஒருவர்க்கு முதல் மணத்தில் இரு பிள்ளைகள்; மறுமணத்திற் பிறந்த பிள்ளைக்கு மகப்பேற்று விடுப்புக் கேட்டபொழுது, இரண்டுக்கு மேல் இல்லை என்று விதியைக் காட்டி மறுத்தனர். அவர் உச்சநீதிமன்றம் வரை சென்று 2025 மே 23-இல் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. ஒரு கை "பெறுக" என்று வாழ்த்துகின்றது, மறு கை "ஏன் பெற்றாய்?" என்று குட்டுகின்றது. சிங்கப்பூரின் இரட்டை நாக்கு இங்கும் முளைப்பதற்கு இதனினும் வேறு அறிகுறி வேண்டா.

வீட்டின் நிலையோ? 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைத்த நாடு இது. சேரியிருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது அதன் தொடக்க நாளைய நோக்கம். ஆனால் 2000-ஆம் ஆண்டு முதல் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்தோர், கண்ணகி நகருக்கும் பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் வண்டியேற்றி அனுப்பப்பட்டனர். தாயின் வீட்டுவேலை நகரின் நடுவே; வீடோ இருபது கி.மீ. அளவு தொலைவில். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது? பள்ளி மாறிய பிள்ளை படிப்பை நிறுத்துவதை ஆசிரியர் எவரும் அறிவர். சுவர் இருந்தாற்றான் ஓவியம். பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சுவரைச் செவ்வையாக எழுப்பாத நாட்டுக்கு, பிறவாத பிள்ளைகளை எண்ணிக் கேட்கும் தகுதி ஏது?

தமிழ் மக்களே! நாம் வேண்டுவன பெரியனவல்ல. உழைக்கும் இடத்துக்கு அண்மையில் வீடு. அவ்வீட்டருகே பள்ளியும் குழவிக் காப்பகமும். எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு மகப்பேற்று விடுப்பும் மருத்துவமும். மணமானவளோ ஆகாதவளோ, மகவை ஏந்தி வருபவளைக் குடும்பம் என்று ஏற்கும் விதி. பிள்ளை வேண்டா என்பாரையும் பழியாத பண்பு. இவை அமைந்தால், பெற விரும்புவோர் அச்சமின்றிப் பெறுவர். பெற்றவர் கண்ணீரின்றி வளர்ப்பர். எண்ணிக்கை கூடுமோ குறையுமோ, பிறந்தவர் மானத்தோடு வாழ்வர். அரசு கூரை அமைக்கட்டும். அதன்கீழ் எத்தனை தொட்டில் ஆடவேண்டும் என்பதைக் குடியே முடிவு செய்யட்டும்!